சூடு ஆறும் முன்

12.05.1998, செவ்வாய்
கொழும்பிலிருந்து அளவீட்டுத் தாள்கள் வந்தன. ஸாஹிராவின் கண்ணாடி வெளிர் மஞ்சள்; அடியில் பத்திரிகை வைத்தால் வாசிக்கலாம். என்னுடையதில் வழக்கம்போல வெண்படலம், கஞ்சித் தண்ணீர் மாதிரி. ஆனால் தாளில் அவளுடைய வரைகோட்டில் மூன்று மைக்ரோன் கிட்ட ஒரு பள்ளம். கண்ணாடிக்குள் ஈரம், அந்த இடத்தில் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். என் கோட்டில் பள்ளமே இல்லை.

பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்ல?

15.05.1998, வெள்ளி
ஜும்ஆத் தொழுகை முடிந்து கபூர் ஹாஜியார் வந்தார். இரத்தினக்கல் சுடும் அவருடைய உலைகளுக்கு, வெளியே நின்று உள்ளே வெப்பம் அளக்க ஒரு கண்ணாடி ஜன்னல் வேண்டும். அதற்காகத்தான் ஆறு வருடத்துக்கு முன் இந்தக் கூடத்தை எனக்குக் கட்டித் தந்தார். ஸாஹிரா போன வருடம் ஜப்பானில் படித்துவிட்டு வந்தவள்.

"தனித்தனியா உருக்கினது போதும். ஜூலைக்குள்ள யார்ட துண்டு சரியா வருதோ, அவங்கதான் பொறுப்பு. மத்தவங்க அவங்க சொல்ற மாதிரி செய்யட்டும்."

நாற்பத்தெட்டு வயதில், முப்பது வயதுக்காரி சொல்கிற மாதிரி?

21.05.1998
எங்கள் கண்ணாடிக்கு மூலப்பொருள் டெலூரியம்; அதை உருக்குபவர்களின் மூச்சில் பூண்டு வாடை வரும். கூடத்தைக் கூட்டித் துடைக்கும் இலட்சுமி இன்று, "ரெண்டு பேரும் வாயத் தொறந்தா ரசம் கொதிக்குதுங்க" என்றாள். ஸாஹிரா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தே சிரிக்கிறார்கள்.

பிறகு என்னிடம், "மிஸ், உலைக்குள்ளயே ஆற விடாதீங்க. அதான் வெள்ளையா பூக்குது. சூடாக்கின பித்தள அச்சுல ஒரேயடியா ஊத்துங்க. என்ட அச்சு ஈக்கி, தாரன்."

"பார்ப்போம்" என்றேன். இவ்வளவு சுலபமாக யாராவது தருவார்களா?

03.06.1998
நான்காம் நாளாக அடைமழை. உருக்குவதற்கான பொடியை ஸாஹிரா நன்றாகத்தான் உலர்த்துகிறாள். ஆனால் தட்டில் பரப்பி ஆறவிட்டு, பிறகு நிறுக்கிறாள். இரத்தினபுரி மழையில்! அதற்குள் அது குடிக்கிற ஈரம் எவ்வளவு! அந்தப் பள்ளம் அதனால்தான்.

எனக்குத் தெரியும். நான் விடியற்காலை ஐந்தரைக்கே வந்து, முன்பே எடை போட்டு வைத்த பொடியை உலர்த்தி, சூட்டோடு மூடி உலைக்குக் கொண்டுபோகிறேன். கற்றுத் தந்தவர் அப்பா. றக்வானைத் தோட்டத்து பெக்டரியில் தேயிலை காயவைக்கும் ட்ரையரில் நின்றவர். "தேத்தூள் காத்துல தண்ணி குடிக்கும் பாப்பா. சூடு ஆறுறதுக்குள்ள பெட்டிய மூடணும்."

இங்கே நான் 'கொழும்பு மிஸ்'. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்று நானாக யாருக்கும் சொன்னதில்லை. இதையும் சொல்லப் போவதில்லை.

11.06.1998
இலட்சுமி இன்று நேரத்தோடு வந்துவிட்டாள். நான் பொடியைச் சூட்டோடு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அட, றக்வானையில எங்க பெக்டரியில மூடுற மாதிரியே இருக்குதே மிஸ்! யாருங்க சொல்லித் தந்தது?"

"புத்தகத்தில் இருக்கிறது."

12.06.1998
அப்பாவைப் புத்தகமாக்கிவிட்டேன்.

13.07.1998, திங்கள்
ஸாஹிராவின் புதிய தாள். பள்ளம் இல்லை. ரூலர் வைத்து இழுத்த மாதிரிக் கோடு. ஹாஜியார் அவளிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். வாழ்த்தினேன். வயிறு எரிகிறது — ஆறு வருடம், ஆறு வருடம் நான் இந்த உலையோடு மாரடித்தேனே!

அறிக்கையைக் காட்டினாள். 'உலர்த்தும் முறை: திருமதி இலட்சுமி, றக்வானை.'

"இலட்சுமிக்காதான் சொல்லித் தந்தாங்க மிஸ். ஒங்களுக்கும் தெரியுமாமே, ஏதோ புத்தகத்துல வாசிச்சீங்களாம். பேரு என்னா மிஸ்? அதையும் போடணும்."

முகத்தைப் பார்த்தேன். குத்தலே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஞாபகமில்லை என்றேன்.

16.07.1998
இன்றும் கேட்டாள்.

20.07.1998
ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'புத்தகம் இல்லை. பழனியாண்டி, ட்ரையர் வேலை, றக்வானை. என் அப்பா.'

ஸாஹிரா இரண்டு முறை வாசித்தாள். "அப்ப ஒங்களுக்கு மே மாசமே தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன்.

இலட்சுமி தலையைத் தூக்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்த அன்னிக்கே சாடை தெரிஞ்சிச்சு மிஸ். பழனியாண்டி மாமா மூக்குதானே! நீங்களா சொல்லாம நான் எப்படிங்க சொல்றது?"

04.08.1998
ஸாஹிராவிடம் அந்தப் பித்தளை அச்சைக் கேட்டேன். உடனே தரவில்லை, சாயங்காலம் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

12.08.1998
எனக்கும் தெளிவாக வந்துவிட்டது. இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அவளுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்று. இல்லை.

அறிக்கை தட்டச்சாகி வந்தது. உருக்கியவர்களில் முதலில் ஸாஹிரா, அடுத்து நான். அதற்கும் மேலே, உலர்த்தும் முறைக்கென்று தனி வரி: இலட்சுமி, பழனியாண்டி. என் பெயருக்கு மேலே மூன்று பெயர்கள். அப்பாவின் பெயரை வாசிக்கும்போது மட்டும் எரியவில்லை.