போல்ட்டைக் கழற்றி அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காது எப்படி இருக்கிறது? அங்கே பனி உருகிவிட்டதா?

இங்கே பட்டறையில் ஒரு வேடிக்கை. ஒரு துப்பாக்கிக்குப் பெரிய தோட்டா போகும்படி புதுக்குழல் மாட்டினேன். தோட்டாவின் பித்தளை உறை உப்பிப் புது வடிவத்துக்கு வரட்டும் என்று கடையில் விற்கும் சின்னத் தோட்டாவைப் போட்டுச் சுட்டேன். அது உள்ளே இறுக்கமாக உட்காரவில்லை. உறை அறுந்து புகை முகத்தில் அடித்துப் புருவம் கருகியது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. "புருவத்தச் சிரைக்கவாடா மொன்டானா வந்த, ராய்ஸ்?" என்று முதலாளி எங்ஸ்ட்ராம் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு உங்கள் துப்பாக்கிக்கும் இதே அளவில்தான் குழல் மாற்றினேன்.

வயலைத் தோண்டும் அந்தப் பிரெய்ரி நாய் அணில்கள் வளையை விட்டு வெளியே வந்தாலும் துப்பாக்கியைத் தொடாதீர்கள். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றிப் பார்சலில் அனுப்புங்கள்; அது இல்லாமல் யாரும் சுட முடியாது. கூடவே நம் வீட்டுச் சோக்செர்ரிப் பழ ஜாம் ஒரு பாட்டில்.

தபால் வண்டி வந்துவிட்டது. உடனே போன் பண்ணுங்கள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. பரவாயில்லை, நீங்கள் இருமினால் எனக்குக் கேட்கும், அது போதும்.

ராய்ஸ்