உளுந்து ரோட்டில் இரண்டு கார்

மார்ச் 28, வெள்ளி

காலையிலேயே அனல். காருக்கு ஆயில் பார்க்க வேண்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர். நம் கிளை ரோடு முழுக்க உளுந்துச் செடி. களம் கிடைக்காதவர்கள் தார் ரோட்டில்தான் பரப்புகிறார்கள். போகிற வண்டி மிதித்தே காய் உடைந்துவிடும். செடி பரப்பிக்கொண்டிருந்த செல்வி கைகாட்டி நிறுத்தினாள். "டீச்சர், இன்னொரு தடவ ஏத்திட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்." ஏற்றினேன். வாய்க்கால் பாலம் வருவதற்குள் கருகல் வாடை. குனிந்து பார்த்தால் அச்சில் செடி சுற்றிக்கொண்டு புகைகிறது. அரிவாள் வாங்கி அறுத்துப் போட்டேன். கை சுட்டுவிட்டது. தேங்காயெண்ணெய்.

மார்ச் 30, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்கு என் வீட்டுக்காரர் அவருடைய புதுக் காரில், நான் என் பழசில். ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்தப் புதுசில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வெளிச்சத்தம் கேட்காது, மேடுபள்ளம் உடம்புக்குத் தெரியாது. ஆடு குறுக்கே வந்தால் கார் பீப் பீப்பென்று கத்தும், ஸ்கூட்டர் வந்தால் கத்தும். என் வண்டியில் எது கெட்டாலும் சத்தம் மாறும், வாடை வரும், ஸ்டியரிங் உதறும்.

"இப்பல்லாம் கத்தாது. சத்தத்த அமத்தி வச்சிட்டேன்" என்கிறார். பெருமை வேறு.

உளுந்துச் செடி புகைந்ததைச் சொன்னேன். "வாடை வந்தா நிறுத்துறேன், போதுமா?" அட மனுஷா! அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு குழம்பு அடிப்பிடித்தாலே இவர் மூக்குக்குத் தெரிவதில்லை. சொன்னால் கோபம். சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பிரசவம் ஆன மகள் மெர்சிக்கு வியாழன் டிஸ்சார்ஜ், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. வாங்க: கொசுவலை, ஃபிளாஸ்க், பூண்டு. பேத்திக்குத் துணி துவைத்தாயிற்று.

என் காரில் கூட்டி வருகிறேன் என்றேன். "பச்சப் புள்ளைய இந்த வெயில்ல, ஏசி இல்லாத டப்பாவுலயா?" என்றார் இவர். போனில் மெர்சியும் அப்பா பக்கம்தான். நேற்றைவிட இன்று செடி கனமாகக் கிடக்கிறது. முழங்கால் உயரம். செல்வியிடம் சொன்னேன், "மழ வர்றதுக்குள்ள முடிக்கணும் டீச்சர்" என்றாள். அவள் கவலை அவளுக்கு. வியாழன் என் காரில் அவர்கள் பின்னாலேயே போவேன்.

ஏப்ரல் 3, வியாழன். ஆஸ்பத்திரி வராண்டா.

எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வரும் வழியில் இவரும் மெர்சியும் குழந்தையும் புதுக் காரில் முன்னால், நான் பின்னால். உளுந்தைத் தாண்டியதும் அவர்கள் காருக்கு அடியில் புகை. ஹாரன் அடித்தேன். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். நிறுத்தவில்லை, வேகம்தான் கூடியது. அடியில் சிவப்பாகத் தெரிந்தது. மாதாவே! ரோட்டோரக் கரையில் என் வண்டியின் ஒரு சக்கரம் இறங்க முந்திப் போய் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். புதுசு தானாகவே பிரேக் போட்டு நின்றது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வயலில் நின்றவர்கள் ஓடிவந்து குழந்தையை வாங்கினார்கள். மெர்சி தையலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாலடி நகர்ந்திருப்போம், கார் பற்றிக்கொண்டது.

உள்ளே எவ்வளவு நேரம் புகை போனதோ. குழந்தை அழவே இல்லை. மூவரையும் என் காரில் போட்டுக்கொண்டு மறுபடி இங்கேயே வந்தேன். இப்போது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாய். "காலைல பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்மா" என்றாள் நர்ஸ். மெர்சி அந்தக் கதவருகிலேயே நிற்கிறாள்.

இவர் பக்கத்து பெஞ்சில். சட்டையெல்லாம் கரி. கேட்டே விட்டேன்.

"ஏங்க, அவ்வளவு ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. உன் ஓட்ட வண்டி என்னய முந்துறதான்னுதான் மிதிச்சேன்."