மூன்றாம் கலயம் யாருடையது

மண்ணும் மழையும் ஒருங்கே வாழ்க. வேய்நாட்டு முடிவேந்தரும், வடபுலத்துப் பாசறையில் வெற்றிக்கும் வீட்டுக்கும் நடுவே வீற்றிருப்பவருமான கோ செருவிறல் நெடுந்தகையார் திருமுன்பு, தலைநகராம் நெடுங்கரையிலிருந்து, தங்கள் தந்தையார்க்கும் தங்கட்கும் மந்திரியாயிருந்து ஓய்ந்தவனும், பட்டத்து யானையை ஒரு பகல் முழுதும் நியாயாதிபதியாக அமர்த்தி வழக்கு நடத்தியவனும், ஒரு விரலும் அசைக்காமல் மாநகரம் முழுவதையும் தரையில் கிடத்தியவனும், அவ்வேளை கதிரவனையே சற்று நில் என்று நிறுத்தியவனுமாகிய பூதங்கண்ணன் வணங்கி விடுக்கும் ஓலை.

இவ்வளவு படித்ததுமே பாசறையில் சிரிப்பு எழுந்திருக்கும். கிழவர் மறுபடி தொடங்கிவிட்டார் என்று தாங்கள் படைத்தலைவர்களிடம் சொல்லியிருப்பீர்கள். சொல்லுங்கள். வெற்றிலை மெல்லப் பல்லில்லாத வாய்க்குப் பெரும்பேச்சையாவது மெல்லக் கொடுக்க வேண்டாமா? கதிரவனை வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யானையை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

தங்கள் குதிரைகள் நலமே புல் மேய்க. வீரர் காயம் ஆறுக. சென்ற ஓலையில் தாங்கள், நம் ஆட்சியைக் குறித்துக் குடிகள் என்ன பேசுகிறார்கள் என்று மறைக்காமல் எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். பேசுவதை எழுதுவது எளிது. இந்நகரம் பேசாமல் கிடந்ததை எழுதுவதற்கே இந்த எழுத்தாணி தயங்குகிறது.

தாங்கள் படையெடுத்துப் போன பின், போர் முடியும் வரை என்று நியாயசபையின் கதவு அடைக்கப்பட்டது. போரோ முடியவில்லை. அதற்குள் கோட்டைக் குதிரைகளுக்குப் புல் வளர்ப்பதற்காகக் கீழைச்சேரி வாய்க்காலை மறித்து நீரைத் திருப்பினார்கள். கீழைச்சேரி நெல் கதிர் விடும் முன்பே காய்ந்தது. நள்ளி, பண்ணன், அந்துவன் என்னும் உழவர் மூவர் முறையிட வந்தார்கள். அடைத்த கதவைக் கண்டு, திறக்கும்வரை இருப்போம் என்று சபையின் படியிலேயே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததே குற்றமாயிற்று. விசாரணை இல்லாமல் மூவரும் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

சிறைப்பட்டவனுக்கு அவன் வீட்டாரே சோறு கொண்டுவருவது நம் வழக்கம். நள்ளிக்கு மனைவி மருதியும், பண்ணனுக்குத் தாய் தித்தியும், அந்துவனுக்குத் தமக்கை வஞ்சியும் நாள்தோறும் கோட்டைப் பெருங்கதவிலுள்ள சிறு திட்டிவாசலில் கலயம் நீட்டுவார்கள். காவலன் வாங்கிச் சோற்றை உள்ளே கவிழ்த்துக்கொண்டு, வெறுங்கலயத்தை அப்போதே திருப்பித் தருவான். ஒரு காலை அவன் யார் முகத்தையும் பாராமல், "நாளையிலேருந்து ரெண்டு கலயம் போதும்" என்றான்.

மருதிதான் முதலில் வாய் திறந்தாள். "எந்த ரெண்டுண்ணே?"

"எனக்குத் தெரியாது தாயி. ரெண்டு போதும்னு சொல்லச் சொன்னாங்க." திட்டிவாசல் சாத்தப்பட்டது.

வேந்தே, தாங்கள் எத்தனையோ போர்க்களம் கண்டவர். அந்த வாசலில் அன்று நின்ற மூன்று பெண்களைக் கண்டவரல்லர்.

மறுநாள் மூவரும் கலயத்தோடுதான் போனார்கள். எவளாவது வராமல் இருப்பாளா? காவலன் இரண்டை வாங்கி, வஞ்சியின் கலயத்தைத் தள்ளிவிட்டான். அவள் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு வீதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் அவளைத் தூக்கிப் போனார்கள். அதற்கு அடுத்த நாள் தள்ளப்பட்டது மருதியின் கலயம். கைக்கு எட்டிய இரண்டை அவன் எடுக்கிறான், அவ்வளவே என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று தித்தி சொன்னாளாம்: "இனிமே ஒரே அடுப்புல பொங்குவோம்டி. யாரு சோறுன்னு இருக்க வேணாம். உள்ள எவன் இருக்கானோ அவன் தின்னட்டும்." அன்றுமுதல் மூன்று வீட்டு அரிசியும் ஒரே பானையில் வெந்து, இரண்டு கலயத்தில் போகிறது. கலயத்தை மாற்றி மாற்றி மூவரும் சுமக்கிறார்கள்.

நான் கோட்டைத் தலைவர் பெருஞ்சேந்தனாரிடம் போனேன். அவரைத் தாங்கள் அறிவீர்கள். கண்ணால் கண்டதையும் கையால் தொட்டுப் பார்த்த பின்பே நம்புகிறவர், என் வாயிலிருந்து வருவதைத் தொட்டுப் பார்த்தாலும் நம்பாதவர். சிறையில் ஒருவரும் இறக்கவில்லை, போர்க்காலச் சிக்கனத்தை முன்னிட்டே காவலன் அவ்வாறு கூறினான், மூதமைச்சர் காதில் எறும்பு ஊர்ந்தால் யானை போயிற்று என்பார் என்று சிரித்துக்கொண்டே மறுமொழி கொடுத்தார். அப்படியானால் மூவரையும் காட்டுங்கள் என்றேன். போர்க்காலத்தில் யாரும் உள்ளே நுழைவதற்கில்லை என்று முடித்துவிட்டார்.

இந்நிலையில் வாள்விழா வந்தது. மன்னர் ஊரில் இல்லாத ஆண்டில் அவரது வாளே யானைமேல் வீதியுலா வரும் என்பதும், நீதி கிடைக்காத குடிமகன் வாளுக்கு முதுகு காட்டி நிற்கலாம் என்பதும், முதுகைக் கண்ட இடத்தில் யானை நிற்க, வாளேந்தி வருபவர் "உமக்கு என்ன குறை?" என்று கேட்டே தீரவேண்டும் என்பதும் தாங்கள் அறிந்த பழஞ்சட்டம். இவ்வாண்டு வாளேந்தியவர் பெருஞ்சேந்தனார். மூன்று பெண்களும் முதுகு காட்டப் போகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்குப் போயிற்று. அவர்களைத் தடுத்தால் சட்டம் மீறியதாகும். ஆகவே மிகுந்த அறிவோடு ஒரு பறை அறைவித்தார்: வாள் வரும்போது ஒருவரும் நிற்கலாகாது, வீதியில் உள்ளோர் எல்லோரும் முகம் மண்ணில் பட விழுந்து வணங்கவேண்டும், வாள் கடந்தபின்பே எழவேண்டும்.

பறையறைந்தவன் தெருமுனை திரும்புவதற்குள் மீன் விற்கும் ஒருத்தி கேட்டாளாம்: "ஏண்டா பறைக்காரா, குப்புற விழுந்தா முதுகு எங்கடா இருக்கும்? வயித்துக்கடியிலயா?" சந்தை ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைக் கொக்குகள் எல்லாம் கிளம்பி அண்டை நாட்டுக்கே பறந்துவிட்டன. கொக்கைத் தாங்கள் நம்பவேண்டாம், சிரிப்பை நம்புங்கள். இந்த ஊர் அதற்கு முன் எப்போது சிரித்தது என்று எனக்கு நினைவில்லை.

விழாநாளில் வீதியில் நிற்க இடமில்லை. பின்னர் படுக்கவும் இடமில்லை. கொம்பு ஊதியது. எல்லோரும் உத்தரவுப்படி விழுந்தார்கள். நானும் விழுந்தேன். என் முழங்கால் ஒடிந்த ஓசையைத் தங்கள் பாசறையில் இடியென்று எண்ணியிருப்பீர்கள். பட்டத்து யானையான மலைநாச்சி தேர்வீதியில் திரும்பினாள். எதிரே கண்ணெட்டும்வரை முதுகு. கன்றாக இருந்தபோதே முதுகு கண்டால் நிற்கவேண்டும் என்று பழக்கிய விலங்கு அது. நின்றது. பாகன் காதைத் தட்டினான், கெஞ்சினான், கரும்பு காட்டினான். கடைசியில் மேலே பார்த்து, "நான் என்னங்க பண்றது? இவளுக்குச் சட்டம் தெரியுது" என்றான்.

யானை நின்றுவிட்டது. இனிப் பெருஞ்சேந்தனார் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். அவர் கேட்கவில்லை. வாள் கடக்காததால் குடிகளும் எழவில்லை. உத்தரவு அவருடையதாயிற்றே!

அப்படியே வெயில் ஏறிற்று. மண்ணில் கன்னம் வைத்துக் கிடந்தபோது என் இருபுறமும் மெல்லக் கேட்ட பேச்சைத்தான் தாங்கள் கேட்ட கேள்விக்கு விடையாக எழுதுகிறேன்.

"ராசா நல்லவருதான்யா. அவருக்குத் தெரிஞ்சா இப்பிடி விடமாட்டாரு."

"தெரியாம இருக்கறதுக்குப் பேரும் நல்லதனமா?"

"மெல்லப் பேசு. யானை காதுல விழப் போகுது."

"விழட்டும். கேக்கறதுக்கு இன்னிக்கு அதுக்கு மட்டுந்தான் காது இருக்கு."

"எங்களுக்கு ஒண்ணும் பெருசா வேணாம். கதவைத் தொறந்து வெச்சு, இல்லேன்னு சொல்லட்டும். கதவையே சாத்திட்டா யாருகிட்ட இல்லேன்னு கேக்கறது?"

அதன்பின் வீதி முழுதும் மூச்சு மட்டுமே கேட்டது. தங்கள் பெயரை வாழ்த்தவும் வையவும் கேட்டுப் பழகிய என் காதுக்கு, அந்த மூச்சு பொறுக்கக்கூடியதாக இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் யானையின் காலடியில் கிடந்த மருதி, முகத்தை எடுக்காமல் மண்ணைப் பார்த்தே பேசினாள்: "தலைவரே, நீங்க கேக்க மாட்டீங்க. நானே சொல்றேன். எம்புருசன் உசிரோட இருக்கணும்னு நான் சாமிய வேண்டுறப்பல்லாம், இந்தக் கெழவி மகன் செத்திருக்கணும்னுல்ல வேண்டுற மாதிரி ஆகுது. ஒரே அடுப்புல உலை வைக்கிறோம். என்னால அது முகத்தப் பாக்க முடியல. பேரச் சொல்லிடுங்க. எம்புருசன் பேரா இருந்தாலும் சரி."

வஞ்சி மண்ணைக் கையால் அள்ளிப் பிடித்துக் கிடந்தாள்.

தித்தி ஒருத்திதான் எழுந்து உட்கார்ந்தாள். உத்தரவை மீறியவள் அந்த வீதியில் அவள் மட்டுமே. அவள் தலைவரை நிமிர்ந்து பார்த்து, கோபமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலக் கேட்டாள்: "ஒங்க மகன் ராசாவோட பாசறையில இருக்கானாமே, ஐயா. அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, நல்லா இருக்கணும். ஆனா ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்க வாசலுக்குச் சொல்ல ஆள் வரும்ல?"

பெருஞ்சேந்தனார் யானைமேலிருந்து இறங்கினார். வாளைக் கையில் எடுத்துக்கொண்டு, கிடந்தவர்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தே கோட்டைக்குள் போய்விட்டார். வாள் கடந்துவிட்டபடியால் குடிகள் எழுந்தார்கள். எழுந்தவர்களுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை திட்டிவாசலுக்கு இரண்டு கலயம் வழக்கம்போல் போயிற்று.

நெடுந்தகையீர், தங்கள் குடிகள் கலகம் செய்யவில்லை. கல் எறியவில்லை. தங்கள் பெயரால் வந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஒருத்தி தவிர அத்தனை பேரும், அவ்வளவு நேரம். அதைக் காட்டிலும் பெரிய முறையீட்டை என் ஆயுளில் நான் கண்டதில்லை. என் ஆயுளோ, தாங்கள் அறிந்தபடி, மலைகள் குழந்தைகளாயிருந்த காலத்தில் தொடங்கியது. நாட்டில் நெல் குறைந்தால் வேறு நாட்டில் வாங்கலாம். இறந்தவன் பெயரைக்கூடக் கேட்டு வாங்க முடியாத இடத்தில் ஆட்சி என்று எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் எழுதியனுப்புங்கள், கற்றுக்கொள்கிறேன்.

தங்களுக்குப் போர் வேலை மிகுதி என்பதால், தாங்கள் இடவேண்டிய கட்டளையை நானே எழுதிவைத்துவிட்டேன். முத்திரை வைக்கும் சிரமம் மட்டும் தங்களுடையது. அது வருமாறு: கோட்டைச் சிறையில் இறந்தவன் பெயர் இவ்வோலை கண்ட பொழுதே அவன் வீட்டு வாசலில் சொல்லப்படுக. உடல் எங்கே புதைந்திருந்தாலும் தோண்டி எடுத்து உரியவளிடம் சேர்க்கப்படுக. மற்ற இருவரும் விடுவிக்கப்படுக. நியாயசபையின் கதவு போர் நடக்கும்போதே திறக்கப்படுக. கீழைச்சேரி வாய்க்காலை மறித்த கரை அறுக்கப்படுக. குதிரைகள் காய்ந்த புல் தின்னக் கற்றுக்கொள்க. இதற்கு மாறு செய்வோர் மன்னரின் முகம் காணாதிருக்கக் கடவர்.

இவ்வோலை நகரெல்லையைக் கடக்க வேண்டுமானால் வழக்கப்படி கோட்டைத் தலைவர் இதைப் படித்து, அடியில் "இப்படி அறிவேன்" என்றோ "அறியேன்" என்றோ தம் கையால் எழுதவேண்டும். எதை எழுதினாலும் ஓலை தங்களிடம் வரும். இப்படி ஓர் ஓலை வரும் என்று பெருஞ்சேந்தனாரிடம் சொன்னபோது, அறியேன் என ஒரே சொல்லில் முடித்துவிடுவதாகச் சொன்னார். என் சொல்லைத் தாங்கள் பாதி நம்புவீர்கள். அவர் சொல்லை முழுதும் நம்புவீர்கள். ஆகவே அவர் கைக்காக ஓலையில் இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே விட்டிருக்கிறேன்.

கொற்றம் நீள்க, குடிகள் அதற்குள் வாழ இடம் உண்டாகுக. இவை என் எழுத்து, என் முத்திரை: ஓய்ந்த மந்திரி பூதங்கண்ணன்.

*

மேற்கண்ட ஓலையைப் படித்தேன். மாநகரம் முழுதும் கிடக்கவில்லை. தேர்வீதி மட்டுமே கிடந்தது. கதிரவன் நிற்கவில்லை. மூதமைச்சரின் முழங்கால் ஒடியவில்லை. மறுநாள் அவரைச் சந்தையில் கண்டேன். கொக்குகளைப் பற்றி அறியேன்.

யானை நின்றது. நான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. சிறையில் ஒருவரும் இறக்கவில்லை என்று நான் கூறியது பொய். இறந்தவன் பண்ணன், தித்தியின் மகன். சாவு வெளிப்பட்டால் காய்ச்சல் என்று சொல்லும்படி காவலர்க்குக் கட்டளையிட்டிருந்தேன். காய்ச்சல் அன்று. கட்டளை வரக் காத்திராமல் இன்று அவ்வீட்டு வாசலுக்கு நானே நடந்து போகிறேன்.

நடந்தது. இப்படி அறிவேன், கோட்டைத் தலைவன் பெருஞ்சேந்தன்.