இரண்டே சீட்

மார்ச் 10, ஞாயிறு

இன்று என் மகள் என்னை வண்டிக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அரை மணி நேரமாக ஒரே போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, அது லூஸ் பண்ற பக்கம் இல்லலா. டைட் பண்ணிட்டு இருக்கீங்க." என் கூட்டாளி தங்கராஜு சிரித்த சிரிப்பில் ஷெட்டுத் தகரமே ஆடியது. பிரிஞ்சாங் டவுனில் லேண்ட்ரோவர் ரிப்பேர் பார்த்துப் பார்த்தே நரைத்தவன் அவன். உலகத்தில் வேறு வண்டியே கிடையாது என்பது அவன் கட்சி. இருந்தாலும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறான்.

கோலா தெர்லாவில் ஒரு கோஸ் தோட்டக்காரரிடமிருந்து இந்த எம்ஜி காரை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. 1969இல் செய்த வண்டி. மேல் மூடியைக் கழற்றிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார துரை விட்டுவிட்டுப் போனதாம். அப்புறம் பல வருஷம் கோழி எரு மூட்டைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மழை பெய்தால் இன்னும் அந்த வாடை கிளம்புகிறது. இருபத்தேழு வருஷமாக என்னோடும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடும் மாரடிக்கிற மலர், டீ கொண்டு வந்தால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.

ஷர்மினிக்கு ஈப்போவில் ஒரு பெங்கெல்லில், வண்டிப் பட்டறையில், மெக்கானிக் வேலை. சனிக்கிழமையானால் பஸ் ஏறி வந்துவிடுவாள். ஆறு நாள் ஸ்பேனர் பிடித்தது போதாது, ஏழாவது நாள் வீட்டில் பிடிக்க வேண்டும்.

மூன்று பேர் பாடுபடும் வண்டிக்கு இரண்டே சீட். அதில் சண்டை இல்லை. வலது எனக்கு, இடது மலருக்கு. கல்யாணமான புதிதில் மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் அவளை மோட்டர் சைக்கிளில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மழை. "ஒரு நாள் காடியில கூட்டிட்டுப் போறேன், பாரு. மூடி இல்லாத காடி" என்று வாயை விட்டேன். மழையில் நனைந்தவளிடம் மூடி இல்லாத காடியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்! அவள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

மார்ச் 14, வியாழன்

பிரேக் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஈப்போவுக்குக் கண் டாக்டரிடம் போனேன்.

ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் வந்தது. பிறகு வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தலையை எடுத்து நர்ஸ் முகத்தைப் பார்த்தபோதுதான் கெட்டது மெஷின் இல்லை என்று புரிந்தது.

கிளாகோமா. கண் நரம்பு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. நேரே தெரியும், பக்கவாட்டில் தெரியாது. போனது போனதுதான். சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். டாக்டர் சின்னப் பெண், ஷர்மினி வயதுதான் இருக்கும். "அங்கிள், இனிமே வண்டி ஓட்ட வேணாம்" என்றாள். சரிம்மா என்றேன்.

வீட்டுக் காடியை ஓட்டித்தான் போயிருந்தேன். ஓட்டித்தான் திரும்பினேன்.

மார்ச் 15

மருந்தை நான் வேலை பார்க்கும் தேயிலை பேக்டரியில், என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் பத்து தடவை போய்விட்டேன். "என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மலர். ஸ்பேனர் என்றேன். கையில் ஸ்பேனர் இருந்தது.

லைசென்ஸ் செப்டம்பர் 14இல் முடிகிறது, என் பிறந்த நாளோடு. புதுப்பிக்கும்போது யாரும் கண்ணைச் சோதிக்கப் போவதில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் கார்டை நீட்டினால் முடிந்தது. அதற்குள் வண்டியை முடித்து, மலரை உட்கார வைத்து, தாப்பாவுக்கு ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அப்புறம் சாவியை ஷர்மினியிடம் கொடுத்துவிடலாம். ஒரு தடவையில் என்ன ஆகிவிடும்?

ஏப்ரல் 21, ஞாயிறு

கார்புரேட்டரை மாட்டும்போது ஒரு நட்டு கீழே விழுந்தது. மண்டியிட்டுத் தேடினேன், தேடினேன், தேடிக்கொண்டே இருந்தேன். ஷர்மினி குனிந்து என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தாள். "அப்பாவுக்கு வயசாயிருச்சு மாமா." தங்கராஜு, "அம்பத்தஞ்சு ஒரு வயசா? லேண்ட்ரோவரா இருந்தா இப்பத்தான் ரன்னிங்கே பிடிக்கும்" என்றான். நானும் சிரித்தேன். சிரித்தபடியே வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன்.

மே 19, ஞாயிறு

இன்ஜின் பேசிவிட்டது!

முதலில் இருமியது. பிறகு கறுப்பாகப் புகை. அந்தப் புகையிலும் கோழி வாடை. பிறகு ஒரே சீராக, பேக்டரி ரோலர்போலத் தாளம் பிடித்து ஓட ஆரம்பித்தது. ஷர்மினி என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள், சட்டையெல்லாம் கிரீஸ். மலர் இன்று மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள். சீட் என்றால் வெறும் கம்பிதான், மேலே ஒரு சாக்கு. "தாப்பாவுக்கு எப்ப?" என்று கேட்டாள்.

செப்டம்பர் என்றேன்.

ஜூன் 6, வியாழன்

கோலா தெர்லா முக்கில் பக்கத்திலிருந்து ஒரு காய்கறி லோரி வந்துவிட்டது. ஹார்ன் அடித்தான், திட்டினான். என் கண்ணாடிக்கும் அவன் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையுமோ என்னவோ. லோரிக்காரர்களுக்கு எப்போதும் இதே வேகம்தான். ரோடு அவனுடைய அப்பன் வீட்டுச் சொத்தா?

அவன் மேல்தான் தப்பு.

ஜூன் 7

அவன் மேல் தப்பில்லை. அங்கே எனக்குத்தான் நிற்கிற கோடு.

ஜூன் 15, சனி

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரைக்கும் வளைவுகளை மனப்பாடம் பண்ணுகிறேன். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தேன், கையில் தாள். இது வலது, இது நீண்ட இடது, இங்கே பழங்குடி ஒராங் அஸ்லிக்காரர்கள் தேன் விற்கிற கொட்டகை, அதைத் தாண்டிக் குறுகிய பாலம். ரோட்டை எழுதிக்கொள்ளலாம், ஆனால் ரோட்டைக் கடக்கிறவனை எப்படி எழுதிக்கொள்வது? தாளைக் கிழித்துப் போட்டேன். நாளைக்குத் திரும்பவும் எழுதுவேன். என்னைத் தெரியாதா எனக்கு?

ஜூலை 7, ஞாயிறு

பெயின்ட் பற்றிய பேச்சு. பழைய நிறம் பச்சை. அதையே அடிப்போம் என்றேன். மலர் ஒத்துக்கொள்ளவில்லை. "எஸ்டேட்டைச் சுத்திப் பாக்கற பச்சை போதலையா? வெள்ளை அடிங்க." வெள்ளை என்று முடிவாகிவிட்டது.

அடிப்பது எங்கே? ஷெட்டில் அடித்தால் இந்த மூடுபனியில் தீபாவளிக்குக்கூடக் காயாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பேக்டரியில் இலை உலர்த்தும் டிரையருக்குப் பின்னால் ஒரு காலி அறை. சனிக்கிழமை உலையை அணைத்தாலும் ஞாயிறு முழுக்கச் சுவர் கதகதப்பாக இருக்கும். மேனேஜர் துரையிடம் கேட்டேன். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று பயந்தார். இலை முழுவதையும் அந்தக் கோடிக்கு மாற்றிவிடுகிறேன், நானே அறையைச் சுத்தம் பண்ணுகிறேன் என்றேன். முப்பது வருஷ சூப்பர்வைசர் சொல்கிறேன் என்பதால் தலையாட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் முதல் ஆளாகப் போய்க் கூட்டினேன், கழுவினேன். சுவர், ஜன்னல், தரை. அந்த பேக்டரியில் தூசி எங்கே ஒளியும் என்று என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. "சுத்தமாப்பா?" என்றாள் ஷர்மினி. "நாக்கால நக்கலாம்" என்றேன். மத்தியானத்துக்குள் அடித்து முடித்துவிட்டாள், கல்யாணப் பெண்போல வெள்ளை வெளேரென்று. பெயின்ட் நெடி போகட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 15, திங்கள்

வெள்ளை இல்லை. பழுப்பு. வண்டி முழுக்கத் தேயிலைத் தூசி, முடி முளைத்தாற்போல். பெயின்ட்டோடு சேர்ந்து இறுகிவிட்டது.

லீவு போட்டுத் தங்கியிருந்த ஷர்மினி அண்ணாந்து பார்த்தாள். "உத்தரத்துல விரல் மொத்தத்துக்குத் தொங்குதுப்பா. ரெண்டு ஓரமும். பேன் போட்டதும் எல்லாம் கொட்டியிருக்கு. மேல பாக்கலையா?"

பார்த்தேன். அதுதான் கொடுமை. நான் மேலேயும் பார்த்தேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வெளியே போனாள். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ. பிறகு இடது பக்கம் அவள் குரல், மெதுவாக: "அப்பா. டீ கிளாஸை நீட்டிட்டு எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா?"

திரும்பினேன். கிளாஸில் ஆவி அடங்கிப்போயிருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஜூலை 16

மலரிடம் நானே சொன்னேன். மார்ச், மெஷின், டிராயரில் இருக்கும் மருந்து, லோரி, எல்லாம். கண்ணைப் பற்றிச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் திட்டத்தைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"என்னைப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல எறங்கப் பாத்தீங்க. கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சுக்கிட்டே. அப்படித்தானே?"

"ஒரே ஒரு தடவைதான் மலர்."

"நானும் ஒரே ஒருத்திதானே இருக்கேன்."

வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசைக்கு இவளைப் பணயம் வைத்தேன்.

ஜூலை 19

மூன்று நாளாக மலர் பேசவில்லை. மருந்து பாட்டில் டிராயரிலிருந்து சாமி மேடைக்கு வந்துவிட்டது. காலை ஏழு, மாலை ஏழு, வந்து நிற்கிறாள், என் தலையைப் பின்னால் சாய்க்கிறாள், ஊற்றுகிறாள், போகிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பெயின்ட்டைச் சுரண்டுகிறார்கள். நான் போகவில்லை. விற்றுவிடலாம் என்று தங்கராஜுவிடம் சொல்லியனுப்பினேன். அவன் திரும்பி வந்து, "ஒன் பொண்டாட்டிதான் உப்புத்தாள் வச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கு. நீயே போயி சொல்லு. எனக்கு உசிரு மேல ஆசை இருக்கு" என்றான்.

மலரா? அந்தக் கோழி வாடையிலா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பந்துத் திடலில் வண்டிச் சத்தம். நம் வண்டி. ஷர்மினி ஓட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவளுக்குக் கிளட்சு இப்படி அழாது. கியர் பல்லைக் கடிக்கிற சத்தம், அணைவது, மறுபடி ஸ்டார்ட், மறுபடி கடி. ஒவ்வொரு கடியும் என் பல்லில் விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

மலர் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோ கியர் தவிர வேறு எதையும் தொடாதவள். பெயின்ட் இல்லாத வண்டியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டும் அதே முகத்தோடு.

"கியர்பாக்ஸ உடைக்கப் போறியாடி!" என்று கத்தினேன்.

ஒரு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். அவள் வண்டியை நிறுத்தினாள். நிறுத்தவில்லை, அது நின்றுவிட்டது.

"தாப்பாவுக்குப் போலாம்னு சொன்னது நீங்க. நீங்கதான் ஓட்டணும்னு நான் எப்ப சொன்னேன்? ஏறுங்க. சும்மா அங்கிருந்து கத்தாம இங்க ஒக்காந்து கத்துங்க."

சுற்றிப் போய் இடது கதவைத் திறந்தேன். இந்தக் கதவுப் பிடியை நான்தான் மாட்டினேன். இந்தப் பக்கம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

ஆகஸ்ட் 25

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்: "இப்ப ரெண்டு… இப்ப மூணு… கால எடு." அவள் போடுகிறாள். பத்தில் ஏழு தடவை கடிப்பதில்லை. மிச்சம் மூன்றுக்கு நான் திட்டுகிறேன், அவளும் திட்டுகிறாள்.

ஆனாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மடி.

செப்டம்பர் 14, சனி

தாப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தோம், பத்திரமாகத் திரும்பியும் வந்தோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வண்டி மறுபடி வெள்ளை. இந்த முறை அறையின் உத்தரத்தை மலரே ஏணி போட்டுத் துடைத்தாள், என்னை ஏணியைப் பிடிக்க வைத்தாள். காலையில் மாரியம்மன் கோவில் வாசலில் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மலர் கிளட்சை விட்ட வேகத்தில் மூன்று நசுங்கியது, ஒன்று உருண்டு ஓடிவிட்டது. எனக்குத் தெரியவில்லை, ஷர்மினி கத்தினாள். மறுபடி வைத்து மறுபடி ஏற்றினாள். தங்கராஜு தன் லேண்ட்ரோவரில் பின்னால் வந்தான், துணைக்கு என்றான். வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கலாம் என்ற ஆசைதான் அவனுக்கு. ஷர்மினி அவன் பக்கத்தில், எங்களோடு சீட் கிடைக்காத கோபம்போல முகத்தை வைத்துக்கொண்டு.

ரிங்லெட் தாண்டியதும் மலர் தானாகவே பேச ஆரம்பித்தாள். "ஒங்க பக்கம் மூங்கிலு. இப்ப ஒரு ஆறு. ரெண்டு பிள்ளைங்க கையாட்டுதுங்க, ஆட்டுங்க." ஆட்டினேன். "வளைவு வருது." தெரியும் என்றேன். எத்தனையாவது வளைவு என்றுகூடத் தெரியும், அதைச் சொல்லவில்லை. "ரெண்டு போடு" என்று மட்டும் சொன்னேன். தாப்பாவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மூடி இல்லாத காடி வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தாள்.

இதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால், ரிங்லெட் வருவதற்கும் முன்பு, தானா ராத்தா டவுனில் ஒன்று நடந்தது. பள்ளி விடுமுறைக் கூட்டம், ரோடு முழுக்க பஸ்ஸும் காடியும். ஊர்ந்து ஊர்ந்து போய், சரியாக போஸ்ட் ஆபீஸ் முன்னால் நின்றுவிட்டோம். கதவு திறந்திருந்தது. வாசலில் இரண்டே பேர். லைசென்ஸ் என் சட்டைப் பையில், வழக்கமான இடத்தில். இன்றோடு முடிகிறது, இங்கேதான் புதுப்பிக்க வேண்டும். மலருக்கும் தேதி தெரியும்.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள், "எறங்கணுமா?"

சட்டைப் பையின் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

"மொத கியரப் போடு" என்றேன். "முன்னாடி லோரி நகருது பாரு."