நம் வீட்டில் ஓடிய இரண்டு படங்கள்

என் மல்லிகாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் கழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் தீபா வாங்கிக் கொடுத்த ஹெட்போன். நம் பெண் அப்பனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வாங்கினாள். அது உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

இதைப் படிக்கிற நாலு பேருக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் காது மந்தம். முப்பது வருஷம் ஆரணியில் பவர்லூம் ஷெட்டில் நின்றவனுக்குக் காது மிச்சம் இருந்தால்தான் அதிசயம். நீயும் அதே ஷெட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்றினாய். அங்கே யாரும் கத்திப் பேச மாட்டார்கள், கத்தினாலும் தறிச் சத்தத்தில் கேட்காது. குரலே எழுப்பாமல் உதட்டை அகல அசைத்தால் போதும், பத்துத் தறி தள்ளி நிற்பவனுக்கும் புரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை நீ வீட்டுக்கும் கொண்டு வந்தாய். எனக்குக் காது மங்க மங்க அதுவே நம் பேச்சாகிவிட்டது. பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாக வந்த பெண், புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, சமாதானம் பண்ணி வைக்க வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கொடுத்த காப்பி கொட்டியது.

அமாவாசை வந்தால் தறிக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டதும் நீ டிவிடியில் அந்தப் பழைய படத்தைப் போடுவாய். அண்ணன் தங்கச்சி படம். டிவியில் வருகிறவர்கள் நம் ஷெட்டுக்காரர்கள் மாதிரி வாயைத் திறந்தா பேசுகிறார்கள்? ஒன்றும் பிடிபடாது. நீ என் எதிரே சுவரோரம் உட்கார்ந்து, காதால் டிவியைக் கேட்டு, உதட்டால் எனக்குச் சொல்வாய். நான் டிவியைப் பாதி, உன் முகத்தைப் பாதி பார்ப்பேன். இருபது வருஷத்தில் அந்தப் படத்தை எத்தனை அமாவாசை பார்த்திருப்போம்!

நீ போன பிறகு டிவி எனக்கு வெறும் பொம்மைப் பெட்டி ஆகிவிட்டது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். ஒருநாள் பக்கத்துப் போர்ஷன் பெண் வந்து கும்பிடாத குறையாக, “அண்ணே, உங்க டிவி சேவூர் வரிக்கும் கேக்குதுண்ணே” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அதைக் கேட்டுத்தான் தீபா பெரணமல்லூரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். டிவியில் படம் ஓட்ட சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு பென்டிரைவ், காதை முழுக்க மூடுகிற மாதிரி ஒரு ஹெட்போன். டிவிடி எப்போதோ கெட்டுப் போயிருந்தது. உன் படங்களையெல்லாம் அந்தப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

பெட்டியை டிவியோடு சேர்த்துப் படத்தைப் போட்டுவிட்டு அவள் உலை வைக்க உள்ளே போன நேரத்தில், இது என்ன பெரிய வித்தை என்று நானே ஆரம்பித்துவிட்டேன். உனக்குத்தான் என் அவசரம் தெரியுமே. பெட்டியின் பின்னால் ஒரு வட்ட ஓட்டை. ஹெட்போன் ஒயரின் முனையும் அதே பருமன். கனக்கச்சிதமாக உள்ளே போனது. காதில் மாட்டினேன். டர்ர்ர்ர் என்று ஒரே இரைச்சல், அதுவும் ஒரு காதில் மட்டும்.

“தீபா, இதுல தறி ஓடுதும்மா!” என்று கத்தினேன்.

ஓடி வந்து வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். உன்னை மாதிரியே உதட்டை அகல அசைத்து, “இது ஹெட்போன் ஓட்ட இல்லப்பா. பழைய டிவிக்குப் படத்தையும் சத்தத்தையும் சேத்து அனுப்புற ஓட்ட. படம் போற சத்தத்ததான் நீ கேட்டுகினு கீற” என்றாள். ஓட்டை பொருந்திவிட்டால் போதுமா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். ஹெட்போனின் ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நீல விளக்கு கண் சிமிட்டியது. ரிமோட்டால் டிவியில் செட்டிங்ஸ் போய், புளூடூத்தைத் திறந்து, புதுச் சாமான் தேடு என்று கொடுத்தாள். தெருவில் இருப்பவர்களின் போன் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. நம்முடையதைப் பார்த்து அழுத்தினாள். கனெக்டட் என்று காட்டியது. டிவி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

சத்தம் முழுவதும் என் காதுக்குள் வந்துவிட்டது, மல்லிகா. எப்படிச் சொல்வேன்! முதலில் கேட்டது பேச்சு இல்லை. அந்தத் தங்கச்சி ஒரு டம்ளரை மேஜையில் வைத்தாள். டங் என்றது. டம்ளரை வைத்தால் சத்தம் வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அப்புறம் மழை. கதவின் கீல். யாரோ செருப்பைக் கழற்றினார்கள், அதற்கும் ஒரு சத்தம் இருக்கிறது! எல்லோரும் இத்தனை சத்தத்துக்கு நடுவிலா வாழ்கிறீர்கள்? மயிர் கூச்செறிந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். தீபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குப் போய்விட்டாள்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒயரில்லாத ஹெட்போனில் உதடு முன்னால் போகிறது, குரல் ஒரு நொடி பின்னால் வருகிறது. எனக்கு அது பழக்கம்தான். நீயும் அவர்கள் பேசி முடித்த பிறகுதானே சொல்வாய்.

அந்த மாப்பிள்ளைக் கட்டம் வந்தது. அண்ணன் வாசலில் நிற்பான், தங்கச்சி அழுவாள், புருஷன்காரன் கையை நீட்டி ஏதோ சொல்வான். “அண்ணனுக்கு சாப்பாடு போட்டு அனுப்புங்கிறான். அவளுக்கு சந்தோஷம் தாங்கல, அழுறா” என்பாய் நீ. எவ்வளவு நல்ல மாப்பிள்ளை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நடிகர் எந்தப் படத்தில் வந்தாலும் எனக்கு ஒரு மரியாதை. அன்றைக்கு என் காதில் அவன் சொன்னான், உன் அண்ணன் இனிமேல் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று.

காதில் கோளாறு என்றுதான் நினைத்தேன். ரிமோட்டால் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அதேதான். கடைசிக் கட்டத்துக்கு ஓட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் கண்ணை மூடுவானே, “ஆபரேஷன் முடிஞ்சிச்சு, மயக்கத்துல தூங்குறாரு. காலைல எழுந்துப்பாரு” என்று சொல்லிவிட்டு நீ எழுந்து காப்பி போடப் போவாயே, அந்த இடம். அவன் தூங்கவில்லை, மல்லிகா. தங்கச்சியின் கதறல் என் இரண்டு காதிலும் கேட்டது.

தீபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. என் எதிரே, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

“எனிக்கு சின்ன வயசுலேர்ந்தே தெரியும்பா. டிவில ஒரு படம் ஓடும். அம்மா உதட்டுல ஒரு படம் ஓடும். எனிக்கு அம்மா படம்தான் புடிக்கும்.”

அடி கள்ளி! அம்மாவும் பெண்ணும் சேர்ந்து இத்தனை வருஷம்!

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. படத்தை மட்டுமா மாற்றினாய்? காது போன புதிதில், யார் வாய் அசைந்தாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பேன். மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்போதெல்லாம் நீதான் பக்கத்தில் நின்று, அவர் இதைச் சொல்கிறார், இவர் அதைச் சொல்கிறார் என்று எனக்குச் சொன்னவள். இன்று ஊரில் எனக்கு சாது என்று பெயர்.

மறுநாள் காலையே டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் திதிக்கு நான் வரவில்லை என்று அவர் ஒருமுறை நம் வாசலில் வந்து நின்று பேசினாரே, அதைக் கேட்க. எப்போதும் வெற்றிலை குதப்புகிற வாய், உதடு படிக்கவே முடியாது. அன்றைக்கு நீ எனக்குச் சொன்னது, “காலையிலேர்ந்து ஒண்ணியும் சாப்புடலியாம். தம்பி வூட்டுல ஒரு வாய் சாப்புடலாம்னு வந்தாராம்.” நான் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

“வெத்தலையத் துப்பிட்டு நிதானமா சொல்லுண்ணே. அன்னிக்கு மெய்யாலுமே இன்னா சொன்னே?” என்றேன்.

அண்ணன் துப்பிவிட்டு வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகச் சொன்னார். “நீ எனிக்குத் தம்பியே இல்ல, இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்னுதான்டா சொன்னேன். நீ இன்னாடான்னா, கையப் புடிச்சிகினு, சாப்டு அண்ணேன்னே. நான் இன்னாடா பண்றது? சாப்டேன்.” சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அவர் மகன் கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் எனக்குத்தானே வந்தது! அந்த உறவு முழுவதும் நீ சொன்ன ஒரு பொய்யில் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள் ஞாபகம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். அவர் உதடு எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் பேசினார். நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, “வயித்துல புண்ணு. மாத்திர சாப்டா ஆறிடுமாம்” என்றாய். இவ்வளவு நேரம் பேசினாரே என்று கேட்டதற்கு, “தினம் ஒருவேள நீங்கதான் சமைக்கணுமாம். உங்க கையால சாப்டாதான் புண்ணு ஜல்தியா ஆறுமாம்” என்றாய்.

எந்த ஊர் டாக்டராவது அப்படிச் சொல்வாரா? நான் நம்பினேன். டாக்டர் சொல்லிவிட்டாரே என்று நான்கு மாதம் சமைத்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து, புளி போதும், அடுப்பைக் குறைங்க, கல் உப்பு போடுங்க என்று உதட்டால் சொல்லச் சொல்ல, ரசம், கீரை, கத்திரிக்காய்க் குழம்பு எல்லாம் என் கைக்கு வந்தன. கேஸ் புக் பண்ணக்கூட அந்த நான்கு மாதத்தில்தான் கற்றேன். படவேட்டு அம்மனுக்கு இரண்டு தடவை போய் வந்தோம். புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று கும்பிட்டேன். நீ பக்கத்தில் நின்று என்ன கும்பிட்டாய்?

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் உன் படத்துக்கு முன்னால் நிற்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. காது கேட்காதவன் என்றால் இப்படியா ஏமாற்றுவது என்று அப்படி ஒரு கோபம். மூன்றாம் நாள் தீபாவிடம், “டாக்டர் மெய்யாலுமே இன்னா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“அம்மாக்கு எல்லாம் தெரியும்பா. என்னாண்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தாள்.

அவள் உதடு அசைவதற்குள் நான் கையை நீட்டி மறைத்துவிட்டேன். “வேணாம்மா. அம்மா சொன்னதே இருக்கட்டும்.”

ஏன் தடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அந்த நான்கு மாதமும் நான் பயப்படாமல் இருந்தேன். ரசத்தில் உப்புக் கூடியதுதான் என் பெரிய கவலை. உலகம் சொன்ன கடும் சொல்லையெல்லாம் நீ காதில் வாங்கி, எனக்கு வேறு ஏதோ கொடுத்திருக்கிறாய், ஒரு நாள் தவறாமல். எனக்குக் கோபம் போய்விட்டது, மல்லிகா. கூட முப்பது வருஷம் இருந்தது யார் என்று பிரமித்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் சொன்னதை நீ உள்ளபடியே கேட்டாயே. உனக்கு யார் மாற்றிச் சொன்னார்கள்?

நேற்று அமாவாசை. தறிக்கு லீவு. மத்தியானம் தீபாவும் நானும் அந்தப் படத்தைப் போட்டோம். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன், டிவி ஊமையாகிவிட்டது. நம் வீட்டில் முதல் தடவையாக எனக்குக் கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. தீபா நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. அண்ணன் கண்ணை மூடினான். தங்கச்சி கதறுவது என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. தீபா குரல் எழுப்பாமல் உதட்டை அசைத்தாள்.

“இன்னாப்பா ஆச்சு?”

நானும் உதட்டை மட்டும் அசைத்தேன்.

“ஆபரேஷன் முடிஞ்சிச்சும்மா. தூங்குறாரு. காலைல எழுந்துப்பாரு.”

அவள் தலையை ஆட்டினாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, காப்பி போட எழுந்து போனேன்.

இனிமேல் ஊர் பேசுவதை நானே கேட்டுக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. கோபம் வந்தால், இதை நீ எப்படிச் சொல்லியிருப்பாய் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். தினம் ஒருவேளை என் கையால்தான் சமைப்பேன். டாக்டர் சொன்னது.

நீ சொன்னதையெல்லாம் நம்பியவன், இப்போதும் நம்புகிறவன்,
உன் வீட்டுக்காரன்