சுவர்க் கடிகாரத்தில் ஆறேகால்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் அக்கா வீட்டு முகவரிக்குக் கடிதம். என் இடுப்பு வலி குறைந்திருக்கிறது. கைத்தடியோடு சமையலறை வரை போய்வருகிறேன். அம்மாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நேற்று ஆட்டோ பிடித்து உங்கள் தொழிற்சாலை ஃபிட்டரைப் பார்க்கப் போனேன். வெந்த கைகளின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மனைவிதான் ஊட்டிவிடுகிறாள். நீ பக்கத்தில் நின்று தடுத்தும் கேட்காமல் அவர் நீராவிக் குழாயைக் கழற்றியதாக எழுதிக் கொடுத்திருக்கிறாயாமே. "சூப்பர்வைசரே அங்க இல்லையே சார், யாரு தடுத்தா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். விபத்து நடந்த அன்று நீ எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்தாய் என்று நான் சொல்ல வேண்டும் என்கிறாயாம். "உண்மைன்னு தனியா ஒண்ணு கிடையாது, அவங்கவங்க நிக்கிற இடத்தைப் பொறுத்ததுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

நான் நிற்கவில்லையே, தம்பி. குளியலறை வாசலில் விழுந்து கிடந்தேன். தூக்க முடியாமல் அம்மா உனக்குப் போன் செய்தாள். நீ வரும்வரை எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தைத் தவிர எனக்குப் பார்க்க எதுவும் இல்லை. நீ என்னைத் தூக்கியபோது ஆறேகால். அது பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்கிறாள் அம்மா. கழித்துவிட்டேன், ஆறு ஐந்து. நீராவி பீறிட்டது ஆறு மணிக்கு; அங்கிருந்து நம் வீட்டுக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். நீ வந்த நேரத்தைக் கேட்டால் இப்போது அவள், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க" என்கிறாள், கல்யாணத்தன்று நான் போட்டிருந்த சட்டையின் பொத்தான் நிறத்தைக்கூட மறக்காதவள்.

ஆறாம் வகுப்பில் நான் உனக்கு வாத்தியாராக இருந்தபோது உன் ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் வைக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த ஒரே வாளிக்குள் விடச் சொன்னேன். "ஒரு கைக்கு ஜில்லுங்குது, ஒரு கைக்குச் சுடுது. ரெண்டுமே உண்மைதானே சார்" என்று வாதாடினாய். ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வெப்பமானியை வாளிக்குள் விட்டேன். முப்பது டிகிரி. அது உன் எந்தக் கையையும் கேட்டுச் சொல்லவில்லை. அந்த ஃபிட்டரின் கைகளை இனி எந்தத் தண்ணீரில் வைத்தாலும் ஒன்றும் தெரியாதாம்.

எனக்காகத்தான் ஓடி வந்தாய். அதை நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கேட்டால் ஆறு ஐந்து என்றுதான் சொல்வேன். ஏன் வந்தாய் என்பதை நான் சொன்னால், பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறான் கிழவன் என்பார்கள். நீ சொன்னால் எடுபடும். புதன்கிழமையே வந்துவிடு. எனக்கு முன்னால் நீ பேசிவிடு. உன் படுக்கையை அம்மா தட்டிப் போட்டிருக்கிறாள்.

அன்று என்னைத் தூக்கிய கைகள் நன்றாயிருக்கட்டும்.

அப்பா