உன் பைப்லைனை மாற்றி எழுதிவிட்டேன்

அலுவலகக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த உன் மஞ்சள் மழைக்கோட்டை இன்று நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஹட்டனில் காலையிலிருந்தே கொட்டுகிறது. என் குடையை நேற்று பஸ்ஸில் விட்டுவிட்டேன். பகல் சாப்பாட்டுக்குக் கடைவரை போக வேண்டும், வேறு வழியில்லை. கோட்டின் கழுத்துப் பக்கம் நீ தலைவலிக்குத் தடவும் தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. கை எனக்கு நீளம். உனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது எனக்கு மட்டும் கோணிச்சாக்காகத் தொங்குகிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளையோட கோட்டுதானே?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை, எரிந்தது. என் குடையை இந்த டவுனில் ஒருவருக்காவது அடையாளம் தெரியுமா?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் சாவு வீட்டிலும் எனக்குப் பொறாமைதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பெட்டியில் வந்தாய். அன்றைக்குக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆளே இல்லை, கொழுந்துக்கூடைகளைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் உன் வாசலில் நின்றார்கள். மலையில் வேலை வாங்கும், யாரையும் மதிக்காத கண்டாக்கையா மலர்வளையத்தோடு வந்து தொப்பியைக் கழற்றினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபடியே கூட்டத்தைப் பார்த்து, நான் போனால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்றும் யோசித்தேன். அழுகையும் உண்மை, யோசித்ததும் உண்மை.

இது நேற்று வந்த வியாதி இல்லை. டயகமப் பக்கம் மலைக்கு மேலே நம் தோட்டம். அதிலும் உச்சியில் இருக்கிற மேல் டிவிசன். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பராதான் நம் வீடுகள். என் அம்மா பிள்ளைக் காம்பரா ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை எல்லாம் பார்த்துக்கொள்கிறவள், சொந்த மகளுக்கு மட்டும் ஒரே ஒரு தாலாட்டுத்தான் வைத்திருந்தாள்: "அவள பாரு." அவள் தலை வாரியிருப்பதைப் பாரு. அவள் வாங்கிய மார்க்கைப் பாரு. "அவளும் சோத்ததான் திங்கிறா, நீயும் அதத்தான் திங்கிற!" பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். உன்னை யாரும் திட்டிப் பார்த்ததில்லை. உன் அம்மா வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போனவர். போன் வந்தது, சாமான் வந்தது, ஆள் வரவேயில்லை. உன் அப்பாவுக்கு வாய் பேசவே கூச்சம். லயத்தில் எல்லாப் பெண்களையும் அத்தை என்று கூப்பிட்ட நீ, என் அம்மாவை மட்டும் அம்மா என்றாய். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

படித்து முடித்து, இந்த மழை அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்தே வேலை கிடைத்தது. நம் மேலதிகாரி சேர் நம்மை உட்காரவைத்து விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு ஆயம்மாவிடம் மழைமானி இருக்கும். அவர்கள் அளந்ததைப் போனில் பதிந்து அனுப்பினால் அது ஒரு தேடல் தரவுத்தளத்தில் போய்ச் சேரும். தோட்டத்தின் பெயரையோ நேரத்தையோ சொல்லித் தேடினால் நொடியில் எடுத்துக் கொடுக்கும் கிடங்கு அது. அந்தக் கிடங்கிலிருந்து அளவுகளை வாசித்து, கூட்டி, மண் ஊறிவிட்ட மலைக்குக் கீழே இருக்கும் லயங்களின் போன்களுக்கு எச்சரிக்கை அனுப்ப ஒரு பைப்லைன் வேண்டும். "யார் செய்றது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய்.

கிடங்கின் முகவரி, வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு பயனர் பெயர், எந்தத் தொகுப்பு, என்ன கேள்வி, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று பத்துப் பதினைந்து வரிதான். முதல் நாள் ஓட்டியபோது ஒன்றை மறந்தாய். ஒவ்வொரு அளவும் அதனுடைய பழைய அடையாள எண்ணோடு வர வேண்டும் என்று நீ சொல்லிவைக்கவில்லை. அதனால் ஒரே அளவைத் திரும்ப வாசிக்கும்போதெல்லாம் புதிய மழை என்று நினைத்து எச்சரிக்கை போய்க்கொண்டே இருந்தது. பட்டப்பகல் வெயிலில் நம் லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தார்கள். கண்டாக்கையா போன் பண்ணினார். நான் சந்தோஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இன்றைக்கு உனக்கு நல்ல பூசை என்று. அவரோ, "பரவால்ல புள்ள, ஆளுங்களுக்கு ஒரு பயிற்சியா போச்சு" என்று சிரித்தார். அதே தப்பை நான் செய்திருந்தால் என் அப்பன் பாட்டன் எல்லோரையும் இழுத்திருப்பார்.

அன்று மாலை, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம். எனக்குத் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒன் மேல பொறாமடி. சின்னதுலேருந்தே."

நீ கொஞ்சமும் அசையவில்லை. "தெரியும்" என்றாய். "எனக்குந்தான் ஒன் மேல ஒன்னு இருக்கு."

"என் மேலயா? என்கிட்ட என்னாடி இருக்கு?"

"சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவ என்ன முந்திக் காட்டு, அன்னிக்குச் சொல்றேன்."

அக்கரப்பத்தனை வரும்வரை கெஞ்சினேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டும் அதே சிரிப்பு. என்னிடம் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். என் முடி உன்னுடையதில் பாதி. என் குரல் தகரம். நீ பொறாமைப்பட என்னிடம் என்னதான் இருக்கிறது என்று தெரியாமலே நீயும் போய்விட்டாய்.

போன மாதம் பழைய சேர்வரைத் தூக்கிவிட்டுப் புதியது வைத்தார்கள். பைப்லைனைப் புதிதாக அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. "அந்த நங்கி செஞ்சதை அப்பிடியே போடுங்க" என்றார் சேர், சிங்களம் கலந்த தன் தமிழில், தங்கச்சியை நங்கி என்று. அப்படியே போடவா நான் இருக்கிறேன்? உன் கேள்வியில் ஒரு வரி எப்போதும் என் கண்ணை உறுத்தும். ஒவ்வொரு முறையும் கடைசியாக வாசித்த இடத்திலிருந்து தொடராமல், அரை நாள் பின்னால் போய், வாசித்ததையே மறுபடி வாசிக்கும். அடையாள எண் இருப்பதால் இரட்டிப்பாகாது, ஆனாலும் வீண் வேலை. நான் அதை வெட்டினேன். கடைசியாக வாசித்த மழை எந்த நேரத்து மழையோ, அதற்குப் பிந்தியதை மட்டும் எடு என்று எழுதினேன். அழகாக இருந்தது. உன்னுடையதையும் என்னுடையதையும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன்.

எல்லாத் தோட்டமும் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. உன்னுடையதில் நம் மேல் டிவிசன் இருந்தது. என்னுடையதில் இல்லை.

நம் மேல் டிவிசனில் அளக்கிறவள் என் அம்மா. சாயந்தரம் வழக்கம்போல அவள் போன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ம்மா, நீ ஒழுங்கா அனுப்புறியா இல்லையா?"

"அனுப்பாம என்னா? இங்க சிக்னல் எங்கடி இருக்கு? அளக்கிறத போன்ல பதிஞ்சு வச்சுக்கிட்டு, சாயந்தரம் புள்ளைகள விட்டுட்டு கவ்வாத்துச்சாமி கும்புடுற மேட்டுக்கு ஏறி வந்து மொத்தமா அனுப்புறேன். இப்பவும் அங்கனதான் நிக்கிறேன். அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமே!"

அம்மா போனில் எப்போதும் காற்று இரைவது அதனால்தான். வீட்டுக்குப் போகும்போது வேறு கம்பனி சிம் போட்ட என் போனுக்கு வாசலிலேயே சிக்னல் கிடைக்கும், ஆகவே எனக்குத் தெரியவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா முட்டி வலியோட ஏன் ஏறுறன்னு சண்டைக்கு வருவ. அவ வர மாட்டா. எத்தன மணிக்கும்மா ஏறுவீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டா."

மற்ற தோட்டங்களின் மழை உடனுக்குடன் வந்துவிடுகிறது. அதை வாசித்துவிட்டு என் பைப்லைன் முன்னால் போய்விடும். காலை மழையைத் தூக்கிக்கொண்டு அம்மா சாயந்தரம் மேடேறி வரும்போது, அது பழைய நேரத்து மழை, ஆகவே வேண்டாம் என்று விட்டுவிடும். உன் அரை நாள் என் அம்மாவுக்காக வைத்தது. என் அம்மாவின் முட்டி வலிக்கு நீ என்னைக் கேட்காமல் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாய். எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். செத்தும் நீதான் முதல். "அவள பாரு" என்று கம்ப்யூட்டரும் சொல்லத் தொடங்கிவிட்டது.

விட மனமில்லை. உன் அமைப்பில் எங்காவது ஓட்டை இல்லாமலா போகும் என்று, பொல்லாத மாமியார் மருமகள் சமையலைக் கிளறுவது போலக் கிளறினேன். பெருமழை பெய்த நாட்களை எடுத்து ஓட்டினேன். அகப்பட்டது! மழை வலுத்தால் மேட்டுப் பாதை வழுக்கும், அம்மா அன்று ஏற மாட்டாள். மறுநாளும் விடாவிட்டால் மறுநாளும் ஏற மாட்டாள். அதற்குப் பிறகு அனுப்புவது உன் அரை நாளுக்குள் அடங்காது. தொடர்ந்து பெய்த மழையை எல்லாம் கூட்டித்தான் மண் எவ்வளவு ஊறியது என்று சொல்ல முடியும். மழை வலுத்த நாளே விட்டுப்போனால் மலை காய்ந்துதான் கிடக்கிறது என்று பைப்லைன் நம்பும். அடியில் நம் லயம் தூங்கிக்கொண்டிருக்கும். நல்ல வேளை, அந்த முறை மண் சரியவில்லை.

நான் மழை பெய்த நேரத்தை விட்டேன். அளவு கிடங்குக்கு வந்துசேர்ந்த நேரம் என்று தனியாக ஒன்று அதிலேயே பதிவாகிறது. கடைசியாக வாசித்த பிறகு எது வந்துசேர்ந்ததோ அதை எடு, அது எந்த நாளின் மழையாக இருந்தாலும் சரி. அம்மா எப்போது ஏறினாலும் அவள் மழை கணக்கில் சேரும். ஓட்டிப் பார்த்தேன். நீ தவறவிட்ட அத்தனையும் வந்து நின்றன.

"ஏய், இங்க பாருடி!" என்று நாற்காலியோடு திரும்பினேன். உன் நாற்காலியில் யாரோ கோப்புக்கட்டை வைத்திருந்தார்கள்.

சேர் வந்து பார்த்து, நல்லது என்றார். பிறகு, "அந்த நங்கி இருந்தா சந்தோசப்படும்" என்றார். அப்போதும் நீதான். நான் உன்னை முந்தியது உலகத்தில் யாருக்கும் செய்தியாக இல்லை. எனக்கு வேண்டியது பாராட்டும் இல்லை. நீ வாக்குக் கொடுத்தாய், நான் முந்திவிட்டேன், இனி நீ சொல்ல வேண்டும்.

சற்று முன் அம்மா மேட்டிலிருந்து போன் எடுத்தாள், இன்னும் வைக்கவில்லை. குடை, கோட்டுக் கதையெல்லாம் சொன்னேன். அதோடு வாயை அடக்க முடியவில்லை. "ம்மா, அவ செஞ்சத விட நல்லதா செஞ்சிட்டேன்" என்றேன்.

"செத்த புள்ளையோட என்னாடி போட்டி? வெக்கமா இல்ல?" என்று தொடங்கினாள். குடையைத் தொலைத்தது, உன் கோட்டை மாட்டிக்கொண்டு திரிவது, நேரத்துக்குச் சாப்பிடாதது, போன கிழமை வீட்டுக்கு வராதது என்று காற்றுக்கு மேலே கத்தித் திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டேன்: "அவளயும் இப்பிடித் திட்டுவியா?"

"திட்டாம? அதுக்குன்னே போன் பண்ணுவா. ஒங்க மகளுக்கு மட்டும் எதுக்கும்மா இவ்ளோ, எனக்கும் ரெண்டு திட்டுங்கன்னு கேப்பா. அவளுக்குத் திட்ட ஆள் இருக்கு, எனக்குப் பொறாமையா இருக்கும்மான்னு வாய் விட்டே சொல்லியிருக்கா. நான் என்னா செய்ய, ரெண்டு திட்டுவேன். சிரிப்பா."

இதுதானா? இத்தனை வருஷம் என்னைக் காயவைத்தது இதற்குத்தானா? என்னைச் சுட்ட "அவள பாரு"வையா நீ பார்த்து ஏங்கினாய்? இது நியாயமே இல்லை. பொறாமைப்படுகிறவள் பொறாமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நான் நிறுத்திக்கொள்ளவில்லையா? நீயோ எனக்குத் தெரியாமல் சாயந்தரம் சாயந்தரம் வந்து என் பங்கில் பாதியை வாங்கிப் போயிருக்கிறாய்.

அம்மா மறுபடி தொடங்கிவிட்டாள். மேட்டில் மழை வலுக்கிறது, இறங்கு என்றேன், கேட்கவில்லை. உன் கோட்டின் நீளக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று திட்டு முழுவதும் எனக்கே எனக்கு. பங்குக்கு வர நீ இல்லை.